மாறணும் என்பது நோயா? – ஒரு கேள்வித்தாளை முன்வைத்து

1

எங்கள் ஊர் தேவதானம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் சேத்தூரைத் தாண்டி வர வேண்டும். மேற்கே மலை, மலையடியில் சாஸ்தா கோயில் அணை, வழியெல்லாம் தென்னையும் நெல்லும். தேவதானம் என்றால் கடவுளுக்கு விடப்பட்ட நிலம் என்று பொருள். பாண்டிநாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்குரியது எங்களூர்க் கோயில் என்பார்கள். நிலத்தையும் ஆகாயத்தையும் கடவுளுக்கு எழுதிவைத்தவர்கள், அதில் உழுது, நட்டு, அறுத்துக் கொடுத்த சனத்துக்கு எழுதிவைத்தது எதுவுமில்லை. ஊர்ப்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் தெருவில் நின்றுதான் ஒரு கேள்வித்தாளை வாசித்தேன். அதை எங்கே நின்று வாசித்தேன் என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

தோழர் ஒருவரின் மகள் உளவியல் முதுகலை படிக்கிறார். எதிர்மறை எண்ணங்களை அளக்கிற ஒரு கேள்வித்தாளைத் தமிழில் கொண்டுவந்து, அந்தத் தமிழ் கிராமத்து ஆட்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. "மாமா, உங்க தெருவுல நாலு பேர்ட்ட வாசிச்சுப் பாப்போமா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் கைகொடுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தெருவுக்குள் கூடவும் போனேன்.

அந்தத் தாளின் கதையைச் சொல்ல வேண்டும். 1980இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டீவன் ஹாலனும் பிலிப் கெண்டாலும் உண்டாக்கியது. தானாக ஓடும் எண்ணங்களின் கேள்வித்தாள் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி, இந்த மூன்றைப் பற்றியும் இருட்டாகவே நினைப்பது மனச்சோர்வின் அடையாளம் என்று ஆரோன் பெக் சொன்னார். அந்த வழியில் வந்த தாள் இது. மனசு நொந்துபோன நேரத்தில் உங்களுக்குள் என்ன ஓடியது என்று 788 கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். வந்ததிலிருந்து 100 எண்ணங்களைப் பொறுக்கினார்கள். அதை இன்னொரு 312 மாணவர்களிடம் கொடுத்து, சோர்ந்தவரையும் சோராதவரையும் பிரித்துக் காட்டிய 30 எண்ணங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். போன ஒரு வாரத்தில் இந்த எண்ணம் எவ்வளவு அடிக்கடி வந்தது என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 30க்குக் குறையாது, 150ஐத் தாண்டாது. கூடக்கூட நோயின் பக்கம் என்று அர்த்தம்.

முப்பதையும் வாசித்தேன். உலகமே எனக்கு எதிராக நிற்கிறது என்பது ஒன்று. என்னை யாரும் புரிந்துகொள்வதில்லை என்பது ஒன்று. நான் மதிப்பற்றவன், வேறெங்காவது இருந்தால் தேவலை, என் எதிர்காலம் இருண்டது. இப்படியே வந்து ஓரிடத்தில் கண் நின்றுவிட்டது. ஏதாவது மாறியே ஆக வேண்டும் என்கிற எண்ணமும் அந்த முப்பதில் ஒன்று!

ஏதாவது மாறணும் என்று எந்நேரமும் நினைத்தால் 5 மதிப்பெண். இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கிற எல்லோருமே அந்த வரியில் 5 வாங்கக்கூடியவர்கள்தாமே? அப்படியானால் நாம் யார், நோயாளிகளா?

2

ஒரு மொழிக் கேள்வித்தாளை இன்னொரு மொழிக்குக் கொண்டுவந்தால் அது செல்லுமா செல்லாதா என்று பார்க்கச் சில சோதனைகள் வைத்திருக்கிறார்கள். தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்பவும் ஆங்கிலமாக்கச் சொல்வது ஒன்று. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் இதைப் பற்றி எழுதிய பிறகு எங்கும் பரவிவிட்ட முறை இது. முப்பது வரிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இன்னொன்று. அதற்கு லீ குரோன்பாக் 1951இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஆல்பா என்கிற எண் புழக்கத்தில் இருக்கிறது. 0.7ஐத் தாண்டினால் பரவாயில்லை என்பார்கள். இது நம்பகத்தன்மை. மூன்றாவதாக, மருத்துவரோ வேறொரு பழைய கேள்வித்தாளோ சோர்வு என்று சொன்ன ஆட்களை இந்தத் தாளும் சோர்வு என்று சொல்கிறதா என்று ஒத்துப்பார்ப்பது. இது ஏற்புடைமையைக் காட்டும் ஒரு வழி. ஏற்புடைமை என்றால், எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா என்பது.

என் தாத்தாவுக்கு இதெல்லாம் ஒரு மரக்காலை வைத்தே தெரியும். அறுப்புக் காலத்தில் களத்தில் கூலிநெல் அளப்பார்கள். பண்ணை வீட்டில் இரண்டு மரக்கால் இருந்ததாம். வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று. கொடுக்கிற மரக்காலில் அடிப்பலகை ரெண்டு விரல்கடை மேலே ஏறியிருக்கும். அதில் நூறு தடவை அளந்தாலும் ஒரே அளவுதான் வரும், நம்பகத்தன்மைக்குக் குறையே இல்லை. அதே ஆசாரி செய்த இன்னொரு மரக்காலோடு வைத்துப் பார்த்தாலும் ஒத்துப்போகும். "நெல்லு கொறையலடா, மரக்காதான் கொறையுது" என்று தாத்தா எங்களிடம் சொல்வார். களத்தில் சொன்னதில்லை.

இந்தக் கேள்வித்தாளில் மேலே ஏறியிருக்கிற அடிப்பலகை எது? எண்ணம் வந்ததா, எத்தனை தடவை வந்தது என்றுதான் அது கேட்கிறது. அந்த எண்ணம் நிசமா என்று முப்பதில் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. பெக்கின் சிகிச்சை முறையில் இது இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வைத்தியர் நோயாளியோடு உட்கார்ந்து, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிராக ஆதாரம் என்ன என்று சேர்ந்து ஆராய்கிறார். நேர்மையான முறைதான். ஆனால் தாளில் அதற்கு இடம் கிடையாது. தாளைக் கூட்டிப் பார்க்கிறவருக்கு எதிரில் ஆள் கிடையாது, மதிப்பெண்தான் இருக்கிறது.

3

இனி தெருவில் நடந்தது.

முதலில் ஒரு பெரியம்மா. எழுபது வயதுக்கு மேல். எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் நான் வாசித்தேன். 'நான் எதுக்கும் லாயக்கில்லாதவள்' என்கிற வரி வந்தது. பெரியம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நான் எங்கய்யா நெனச்சேன்? அவுகள்ல சொன்னாக" என்றார். மாணவியின் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. இதற்கு 1 போடுவதா 5 போடுவதா? சொல் அவர் காதில் இருக்கிறது, வாழ்நாள் பூரா இருந்திருக்கிறது. ஆனால் அதைத் தன் எண்ணமாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்தவன் வாயிலிருந்து வந்த சொல்லையும் தன் மனசிலிருந்து வந்த சொல்லையும் பிரித்து வைத்திருக்கிற அந்தத் தெளிவுக்குத் தாளில் கட்டமில்லை.

இரண்டாவது, 'நான்' என்கிற சொல். முப்பது வரிகளிலும் பேசுகிறவர் தனி ஆள். எங்கள் தெருவிலோ கேள்வி ஒருமையில் போனாலும் பதில் பன்மையில் வந்தது. 'என் வாழ்க்கை நினைச்சபடி போகலை' என்று வாசித்தால், "நம்ம பொழப்பு என்னைக்குத் தம்பி நெனச்சபடி போச்சு?" என்று வருகிறது. திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்க்கிற சோதனை இந்த இடத்தில் எதையும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் எழுதிய வரியைத்தானே அது சோதிக்கிறது? கேட்டவரின் பதிலை இல்லையே.

மூன்றாவது, எத்தனை தடவை என்கிற அளவு. ராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் போகிற ஒருவர் சொன்னார்: "மில்லுல மிசினுக்கு முன்னால நிக்கும்போது இதெல்லாம் வராதுண்ணே. வீட்டுலயும் வராது. ஒரு ஆபீசுல போயி மனுவோட நின்னா வரும். பொண்ணு ஸ்கூலுக்கு ஃபீஸ் கட்டப் போனா வரும்." தாள் நாளைக் கணக்குப் பண்ணுகிறது. அவர் சொன்ன கணக்கு இடத்தைப் பற்றியது. எந்த இடத்துக்குப் போனால், யார் முன்னால் நின்றால் அந்த எண்ணம் வருகிறது என்பது நம் ஆட்களுக்குத் துல்லியமாகத் தெரியும். போன வாரம் அவர் ஆபீசுக்குப் போகவில்லை என்றால் தாளின்படி நலமாக இருக்கிறார். போயிருந்தால் சோர்ந்திருக்கிறார்.

மாணவியின் பையில் இன்னொரு தாளும் இருந்தது. பிள்ளை பெற்ற தாய்மார்களின் சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் செய்தது, பத்தே கேள்விகள். இதன் தமிழ் வடிவத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சோதித்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். தமிழில் நடந்திருக்கிற முக்கியமான வேலை அது. அந்தத் தாளில், சரியான காரணமில்லாமல் கவலைப்பட்டீர்களா, சரியான காரணமில்லாமல் பயந்தீர்களா என்று இரண்டு கேள்விகள் உண்டு. கைப்பிள்ளைக்காரியான ஒரு பெண்ணிடம் மாணவி இதைக் கேட்டபோது அவள் சிரித்துவிட்டு, "காரணமில்லாம எதுக்குக்கா பயப்படணும்? இருக்குற காரணம் பத்தலயா?" என்றாளாம். ஆக, இல்லை என்று கட்டத்தில் விழுகிறது, பூஜ்யம். பயத்துக்குக் காரணம் நிறைய உள்ளவளுக்கு மதிப்பெண் குறைகிறது! முதல் தாள் நிசமான எண்ணத்தை நோய்க்கணக்கில் சேர்த்தது. இந்தத் தாள் நிசமான பயத்தைக் கணக்கிலிருந்தே தள்ளிவிடுகிறது. இரண்டு தாளிலும் தவறுகிற இடம் ஒன்றுதான், அது காரணம்.

கடைசியாக அந்த வரியைப் பெரியம்மாவிடம் வாசித்தேன், ஏதாவது மாறணும் என்பதை. "அத நெனக்காத நாளு உண்டாய்யா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு வெற்றிலையை எடுத்தார். மாணவி 5 போட்டார். வேறென்ன போடுவது?

4

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் ஒரு காட்சி நம் எல்லோருக்கும் தெரியும். தெருவில் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள், அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்பதால் அப்படிக் கொண்டுபோகிறார் என்று விளக்குகிறார். அதோடு சிரிப்பு போகிறது, கோபம் வருகிறது.

வேடிக்கையைப் பார்த்துச் சிரிக்க முடிகிறதா என்பதுதான் எடின்பரோ தாளின் முதல் கேள்வி. அந்தச் சிறுமியின் மனசில் அன்றைக்கு நடந்ததைக் கேள்வித்தாளின் கண்ணால் பார்த்தால், நேர்மறை குறைந்து எதிர்மறை கூடியிருக்கிறது. நம் கண்ணால் பார்த்தால், ஒரு பிள்ளைக்கு உலகம் புரிந்திருக்கிறது. தலித் தன்வரலாறுகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு நாள் உண்டு. இலக்கிய விமர்சகர்கள் அவற்றைப் புலம்பல் என்றும் ஒரே சோகம் என்றும் சொன்னபோது கோபப்பட்டோம். கேள்வித்தாள் அதே தீர்ப்பைத்தான் மதிப்பெண்ணாகச் சொல்கிறது.

1917இல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்கள் என்றிருந்தவர்களும் வீட்டில் இடம் கொடுக்கவில்லை. ரயில் வரும்வரை ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் இந்தத் தாளை அவரிடம் நீட்டியிருந்தால் எத்தனை வாங்கியிருப்பார்? உலகம் எதிராக நிற்கிறது, 5. வேறெங்காவது இருந்தால் தேவலை, 5. ஏதாவது மாறியே ஆக வேண்டும், 5. பத்து வருஷம் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாடில் சவ்தார் குளத்து நீரை ஆயிரக்கணக்கானோரோடு சேர்ந்து அள்ளிக் குடித்தார். மாறணும் என்கிற எண்ணம் போய்ச்சேர்ந்த இடம் அது.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 1997இல் இங்கே வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது. ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள், கலவரமாயிற்று. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களுக்கும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் ஒரு பெயரைக்கூடப் பொறுக்காத உலகத்தில், உலகம் எனக்கு எதிராக நிற்கிறது என்று ஒருவன் நினைத்தால் அது எண்ணமா, செய்தியா?

இந்தக் கேள்வியை வேறு நாடுகளில் நமக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். 1956இல் பிரான்ஸ் ஃபனான், சார்ல்ஸ் ஜெரோனிமியோடு சேர்ந்து ஒரு கட்டுரை வாசித்தார். படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்கிற உளவியல் சோதனையை அல்ஜீரிய முஸ்லிம் பெண்களிடம் நடத்தினார்கள். அந்தப் பெண்களால் கதை சொல்ல முடியவில்லை. காலனிய மருத்துவம் வழக்கமாக இதைக் கற்பனைக் குறைவு என்று எழுதிவிடும். படங்களில் இருக்கிற உலகம் அவர்களுடையது இல்லை, குறை சோதனையில் இருக்கிறது என்றார் ஃபனான்.

அதைவிட நமக்கு நெருக்கமானது 1969இல் வந்த ஓர் ஆய்வு. வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்று நம்புகிறவர், வெளிச்சக்திகளின் கையில் இருக்கிறது என்று நம்புகிறவர் என ஆட்களைப் பிரிக்கிற ஒரு கேள்வித்தாளை 1966இல் ஜூலியன் ராட்டர் வெளியிட்டிருந்தார். வெளிச்சக்தியை நம்புகிறவர் முயற்சியற்றவர் என்பது பொதுவான முடிவாக இருந்தது. பட்ரீஷியா குரினும் கூட்டாளிகளும் கறுப்பின மாணவர்களிடம் பார்த்தபோது தாள் இரண்டாகப் பிளந்தது. என் வாழ்க்கையில் என்னால் என்ன முடியும் என்பது ஒன்று. இந்தச் சமூக அமைப்பு கறுப்பர்களை எப்படி நடத்துகிறது என்பது இன்னொன்று. இரண்டும் வேறுவேறு எண்ணங்கள். குற்றம் அமைப்பின்மேல் என்று சொன்ன மாணவர்கள் முயற்சியற்றவர்களாக இல்லை, கூட்டுப் போராட்டங்களில் முன்னால் நின்றவர்களே அவர்கள்தான். ஒரே அளவுகோலாகக் கூட்டிப் பார்த்தவரை இது கண்ணில் படவில்லை.

5

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் நம் கூட்டங்களில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நான் நிறுத்த முடியாது. எனக்கு ஒரு கடன் இருக்கிறது.

என் தங்கச்சி மகன். இன்ஜினியரிங் படிக்க வெளியூர் விடுதிக்குப் போனவன் மூன்றாவது வருஷம் திரும்பி வந்துவிட்டான். அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாடு பாதி, தூக்கம் பாதி. "நான் எதுக்கும் லாயக்கில்ல மாமா" என்று என்னிடம் சொன்னான். கல்லூரியில் அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், இல்லை, தெரியும் என்று நினைத்தேன். "ஒன் மேல தப்பில்லடா, இது சாதி சமூகம்" என்று பேசினேன். அம்பேத்கர் நூல்தொகுதியில் இரண்டைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தேன். அவன் ஒரு பக்கமும் புரட்டவில்லை. அவனைக் காப்பாற்றியது என் விமர்சனமில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அவன் அம்மா அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அங்கே இருந்த நர்ஸம்மா ஒரு தாளை எடுத்து வரிசையாகக் கேள்வி கேட்டார். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோணுதா என்றும் கேட்டார். நானோ அவன் அம்மாவோ நாலு மாசமாகக் கேட்காத கேள்வி அது. ஆமாம் என்றான். அன்றைக்கே வைத்தியம் ஆரம்பித்தது. இன்றைக்கு வேலையில் இருக்கிறான்.

பெரியம்மா சொன்ன சொல்லையும் இவன் சொன்ன சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொல் ஒன்றுதான், லாயக்கில்லை. அவர் அதை அடுத்தவன் வாயிலேயே நிறுத்திவைத்தார். இவனுக்கு அது உள்ளே இறங்கிவிட்டது. சாதி செய்கிற கொலைகளில் இதுவும் ஒன்று. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தபோது இதை நிறுவனக் கொலை என்றோம். சரியான சொல். ஆனால் நிறுவனத்தை எதிர்த்து முழங்குவதோடு, உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிற சொல்லை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற கருவியும் நம் கையில் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் இரங்கல் கூட்டத்தில்தான் சந்திப்போம்.

கேள்வித்தாள் நமக்குச் சாட்சியும் சொல்லும். சென்னையில் 25,455 பேரிடம் தமிழ்நாட்டுக்கு ஏற்ப மாற்றிய ஒரு கேள்வித்தாளை வைத்து நடத்திய ஆய்வு 2009இல் வந்தது. மொத்தத்தில் 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. வருமானம் குறைந்தவர்களில் 19.3 சதவீதம், வருமானம் கூடியவர்களில் 5.9 சதவீதம். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துத் தாய்மார்களைப் பற்றி 2002இல் வந்த ஆய்வும் வறுமையை, ஆண்பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்ததை, மாமியார் வீட்டுச் சண்டையை, ஒத்தாசைக்கு ஆளில்லாததைக் காரணங்களாகச் சொல்கிறது. இவை மனசுக்கு வெளியே இருக்கிற காரணங்கள். தாளையே கிழித்தெறிந்தால் இந்தச் சாட்சியும் போய்விடும். மரக்கால் பொய் என்பதற்காக யாரும் நெல்லை அளக்காமல் விடுவதில்லை. அடிப்பலகையை இறக்கச் சொல்லித்தான் சண்டை போட வேண்டும்.

6

எப்படி இறக்குவது? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். உளவியல் படித்தவர்கள் திருத்தட்டும்.

ஒன்று, தன்னைப் பற்றிய வரிகளையும் உலகத்தைப் பற்றிய வரிகளையும் ஒரே மொத்தமாகக் கூட்டக் கூடாது. தமிழ்த் தாளை நம் தெருக்களில் சோதித்து, அங்கேயும் அது இரண்டாகப் பிளக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிற நூறு மாணவர்களிடம் ஆல்பா எடுத்துவிட்டு, தமிழர்களுக்குச் செல்லும் என்று எழுதுவது மோசடி.

இரண்டு, எண்ணம் வந்தது என்று ஒருவர் சொன்னால், எங்கே வைத்து வந்தது, அந்தச் சொல்லை முதலில் யார் சொன்னது என்று கூடுதலாக இரண்டு கேள்வி. மதிப்பெண்ணை மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, எதிரில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் காது திறக்கும்.

மூன்று, காரணமில்லாமல் என்கிற சொல்லை எடுத்துவிட்டுப் பயந்தீர்களா என்று மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும். காரணம் இருக்கிறவர்களின் பயமும் உடம்பைத் தின்னத்தான் செய்கிறது.

நான்கு, ஏதாவது மாறணும் என்கிற வரி. இதை எடுத்துவிடச் சொல்லவில்லை. என் தங்கச்சி மகனும் ஒருவேளை அதற்கு 5 போட்டிருப்பான். ஆனால் அதைத் தனியாகப் படிக்க வேண்டும். மாறணும் என்று நினைத்து, என்னால் ஒன்றும் முடியாது என்றும் நினைக்கிறவர் ஒருவர். மாறணும் என்று நினைத்து, நாலு பேரைக் கூப்பிடுகிறவர் இன்னொருவர். முன்னவருக்கு வைத்தியம் வேண்டும், பின்னவருக்கு மேடை வேண்டும். இருவரையும் ஒரே எண்ணில் போட்டுக் கூட்டினால் இரண்டு பேரையும் தவறவிடுவோம்.

மாணவி தன் தாளின் ஓரத்தில் பெரியம்மா சொன்னதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். தரப்படுத்திய கேள்வித்தாளில் கைவைக்கக் கூடாது, ஓரத்தில் எழுதியதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அவருக்கு மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்களாம். பின்னிணைப்பாகவாவது சேர்க்கப் போராடிக்கொண்டிருக்கிறார். நம் பிள்ளைகள் பொறியியலும் மருத்துவமும் போல உளவியலும் படிக்க வேண்டும். படித்துவிட்டு, அந்த ஓரத்தில் இருப்பதை நடுப்பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே இதில் வேலை செய்கிறவர்கள் இருந்தால் எழுதுங்கள். எங்கள் தெருவில் திண்ணை இருக்கிறது, பெரியம்மாவும் இருக்கிறார். இன்னும் இருபத்தெட்டு வரிகளுக்கு அவர் சொன்ன பதில் என்னிடம் இருக்கிறது.